அக்காவும் கதிர் ஆராய்ச்சிச் சங்கமும்

பதுளையில் நான் பார்க்கும் வேலையை வீட்டில் "மெஷின் வைத்தியம்" என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் இருக்கும் மின்னணுக் கருவிகள் பழுதானால் எங்கள் கம்பனிக்குக் கூப்பிடுவார்கள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நான் போவேன். ஊவா மாகாணத்தில் நான் கால் வைக்காத தொழிற்சாலை குறைவு. பெண் ஒருத்தி தனியாக வந்து மெஷினைத் திறப்பதை முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் இப்போது நான் வந்ததும் தேநீருக்குச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், கொழுந்து பறிக்கிறாள். அந்தத் தோட்டத்தில் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவியும் அவள்தான். யாருடைய கொழுந்தையாவது குறைத்து நிறுத்துவிட்டால், பிரசவ லீவை யாராவது மறுத்தால், பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரே கேள்வியைக் குரல் மாற்றாமல் நாலு தடவை கேட்பாள். அநேகமாக மூன்றாவது தடவையிலேயே விஷயம் முடிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு கலர் மெஷின் இருந்தது. காய்ந்த தூளில் கலந்திருக்கும் தண்டையும் நாரையும் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தனியே தள்ளும் இயந்திரம். எது தூள், எது தண்டு என்பதை அதற்குச் சில எண்களாகக் கொடுத்து வைத்திருப்போம். அந்த எண்கள் தாமாக மாறிக்கொண்டிருந்தன.

"நேத்து நல்லா இருந்துச்சு மிஸ்," என்றார் டீ மேக்கர். தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர், ஐம்பது வயதுக்காரர், நிதானமான மனிதர். "இன்னைக்கு நல்ல தூளையும் குச்சியோட சேத்துத் தள்ளுது. யாரும் கை வைக்கல. சாவி என்கிட்டதான் இருக்கு."

நான் எண்களைச் சரிசெய்துவிட்டு வந்தேன். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார். நினைவகம் இருக்கும் பலகையை மாற்றினேன். பிறகும் அதே கதை. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது பசறைச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபடி போனில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்டக் கதிர்களைப் பற்றிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறுகின்றன. அதில் பிறக்கும் சிறு துகள் ஒன்று நினைவகச் சில்லின் வழியாகப் போனால், அங்கே பூச்சியமாக இருந்தது ஒன்றாக மாறிவிடலாம். உயரமான இடங்களில் இது அதிகம் நடக்கும்.

மடுல்சீமை உயரமான இடம். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. மூன்று முறை போயும் பழுதைக் கண்டுபிடிக்க முடியாத ஒருத்திக்கு வானத்திலிருந்து வரும் காரணம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சர்வீஸ் ரிப்போர்ட்டில், "காரணம்: அண்டக் கதிர்வீச்சாக இருக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீ மேக்கர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"இதை தொரைகிட்ட நான் எப்படிச் சொல்றது மிஸ்?" என்று மட்டும் கேட்டார். தோட்ட மேலாளரைத்தான் எல்லோரும் தொரை என்பார்கள்.

அந்தத் தேடலில்தான் சங்கம் அறிமுகமானது. கதிர்வீச்சு மின்னணுக் கருவிகளை என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர்களின் சர்வதேசச் சங்கம். செயற்கைக்கோள் செய்கிறவர்கள், விமானக் கணினி செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிகளில் கதிர்ச் சிகிச்சை மெஷின்களைப் பார்க்கிறவர்கள், பேராசிரியர்கள், மாணவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் உறுப்பினர்கள் தாங்கள் கதிரில் வைத்துச் சோதித்த சில்லுகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். எது தாங்கியது, எது செத்தது, எந்த அளவில் செத்தது, சோதனையில் தாங்களே செய்த பிழை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். போட்டிக் கம்பனிக்காரர்கள்கூட ஒருவர் பட்டியலை ஒருவர் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம். என் தொழிலில் யாரும் தன் தோல்வியைப் பக்கத்துக் கடைக்காரனிடம் சொல்லி நான் பார்த்ததில்லை.

உறுப்பினர் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, கலர் மெஷின் விஷயத்தையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு சங்கத்துல சேந்திருக்கேன்க்கா."

தோட்டத்தில் சங்கம் என்றால் தொழிற்சங்கம் ஒன்றுதான். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தச் சங்கம்?"

விளக்கினேன். கொஞ்சம் கேட்டாள்.

"தலைவர் நம்ம பக்கத்து ஆளா?"

"இல்ல. எல்லாம் வெளிநாட்டுக்காரங்க. நான் பாத்ததே இல்ல."

"அப்ப ஒரு பிரச்சினைன்னா யார்கிட்ட சொல்லுவ?"

"கடிதம் எழுதணும். எழுதியிருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வரட்டும், பாப்போம்," என்று அரிசியை உலையில் போட்டாள். எத்தனையோ மேடைகளையும் வாக்குறுதிகளையும் பார்த்தவள். அவளுடைய அந்தப் 'பாப்போம்' எனக்குப் பழக்கமானது.

பதில் நான்காம் நாள் வந்தது. புது உறுப்பினர்களின் கடிதங்களைக் கவனிக்கும் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். குளிர் நாடொன்றில் செயற்கைக்கோள் சில்லுகளைச் சோதிப்பவர். சங்க வேலையைச் சம்பளம் இல்லாமல், தன் வேலை நேரத்துக்கு வெளியே செய்கிறவர். நான் எழுதிய நீளத்துக்கே அவரும் எழுதியிருந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, நான் கவனிக்காத இடங்களைக் கேள்வியாக்கியிருந்தார். கடைசிக் கேள்வி இது: பிழை எந்த நேரத்தில் வருகிறது? குறித்து வைத்திருக்கிறீர்களா? அண்டக் கதிர் கடிகாரம் பார்த்து வராது. ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கட்டடத்துக்குள்ளே தேடுங்கள்.

அடுத்த நாளே அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். டீ மேக்கர் நிதானமான மனிதர் என்று சொன்னேனே, தன் குறிப்புப் புத்தகத்தில் மெஷின் கெட்ட நேரங்களை எழுதி வைத்திருந்தார். நான்தான் அதைக் கேட்டதில்லை. இருவரும் மேசையில் குனிந்து பார்த்தோம். எல்லாமே காலை ஏழு மணியை ஒட்டி இருந்தன.

"ஏழு மணிக்கு இங்க என்ன நடக்குது ஐயா?"

"பெரிய ரோலரை ஓட விடுவோம்."

ரோலர் என்பது வாடிய கொழுந்தை உருட்டிக் கசக்கும் இயந்திரம். அதன் மோட்டார் கிளம்பும்போது ஒரு அதிர்ச்சி மின்கம்பியில் ஓடும். கலர் மெஷினுக்கு நில இணைப்பு சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். தரையை உடைத்துப் புதிதாகச் சிமெந்து போட்டபோது நிலக்கம்பி அறுந்துபோயிருந்தது. சுவரோரம் பார்த்தால் கம்பி இருந்தது. சிமெந்துக்கு அடியில் அது எதிலும் சேரவில்லை. புதுக் கம்பி இழுத்தோம். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மெஷின் எண்களை மறக்கவில்லை.

பழைய ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காரணம் நிலக்கம்பி என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். டீ மேக்கர் சிரிக்கவில்லை. "இது தொரைக்குப் புரியும்," என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வெறும் கம்பி அறுந்ததற்கு ஒரு சர்வதேசச் சங்கத்தைத் தொந்தரவு செய்திருக்கிறேன். நடந்ததைச் சுருக்கமாக எழுதி, மன்னிப்புக் கேட்டு, என் உறுப்பினர் பதிவை நீக்கிவிடும்படியும் எழுதினேன்.

அதற்கு அவர் எழுதிய பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். நீக்க மாட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே எழுதியிருந்தார். "எங்களுக்கு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை கடைசியில் கம்பியாகவோ ஈயப் பற்று விட்டதாகவோதான் முடிகின்றன. கம்பி என்று கண்டுபிடித்த பிறகு திரும்பி வந்து சொல்கிறவர்கள்தான் குறைவு. நீங்கள் சொன்னீர்கள்." பிறகு, நீங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பார்த்தேன் என்று தொடங்கி ஒரு விஷயத்தை விளக்கியிருந்தார். பூமத்திய ரேகைப் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் குடை மாதிரி நின்று கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மலையுயரம் கதிரைக் கூட்டும், அந்தக் குடை குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு என்று கணக்கில் சொல்லலாம். உட்கார்ந்து அளந்தவர்கள் மிகவும் குறைவு. உங்கள் மலையில் அளக்க முடியுமா?

இரண்டு மாதம் கழித்து ஒரு பொதி வந்தது. சங்கத்தின் உறுப்பினர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் செய்திருந்த இரண்டு தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவு. உள்ளே நிறைய நினைவகச் சில்லுகள், கரண்டு போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு பேட்டரி. பெட்டி அவற்றில் தெரிந்த ஒரு கோலத்தை எழுதிவைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும். எங்காவது ஒரு புள்ளி மாறியிருந்தால் முன்பக்கத்துச் சிறு திரையில் எண் ஒன்று கூடும். ஒரு பெட்டியைப் பதுளையில் என் அறையில் வைத்தேன். மற்றது உயரத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் வேண்டும், வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஒரு நாள் விடாமல் பார்க்க ஆள் வேண்டும். எனக்கு ஒரே ஆளைத்தான் தெரியும்.

"வெடிக்காதுல்ல?" என்றாள் அக்கா.

"வெடிக்காது. சும்மா எண்ணும்."

"என்னத்த எண்ணும்?"

"மேல இருந்து வர்றத."

அக்கா கூரைத் தகரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். திகதி, நேரம், எண். தினமும் கொழுந்து மலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் பார்த்து எழுத வேண்டும். வாரம் இரண்டு தரம் நான் போன் பண்ணுவேன், எண்களை வாசித்துக் காட்ட வேண்டும்.

மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. "அதே நம்பர்தான்," என்பாள் அக்கா. அடுத்த தடவையும் அதே நம்பர்தான். ஏதோ தன்னால்தான் எண் ஏறவில்லை என்பதுபோல அவள் குரல் இருக்கும். பதுளைப் பெட்டியும் அசையவில்லை. பிறகு அக்காவின் பெட்டியில் ஒன்று கூடியது. நான் அதைக் கேட்டதும் கம்பனியில் வேலையை விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். எங்கோ இருந்து கிளம்பி வந்த ஒன்று லயத்துக் கூரையைத் தாண்டி, அக்காவின் சேலைகளுக்கு மேலே இருந்த பெட்டியில் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அக்காவுக்கும் சந்தோஷம். "ஒண்ணு வந்துருச்சு," என்று விருந்தாளி வந்த மாதிரி சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை அவள் சொன்ன எண் நாற்பதுக்கும் மேலே ஏறியிருந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். அதே எண்ணைத்தான் சொன்னாள். சூரியனில் ஏதாவது வெடித்ததா என்று தேடினேன். இப்படி ஒன்று எங்கள் மலையில் பதிவாகியிருக்கிறது, அதைக் கண்டது நாங்கள் என்று பாதிக் கடிதம் எழுதியும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொப்பியைப் படம் எடுத்து அதோடு அனுப்பலாம் என்று தோட்டத்துக்குப் போனேன்.

கொப்பியைத் திறந்தால் நான் போட்ட மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டம் இருந்தது. ஸ்கேல் வைத்து அக்காவே கோடு போட்டிருந்தாள். தலைப்பு, "என்ன நடந்துச்சு". முதல் வாரத்திலிருந்தே எழுதி வந்திருக்கிறாள். "மழை." "கரண்டு அரை மணி நேரம் இல்ல." "பெட்டி மேல பூனை படுத்துச்சு, எறக்கி விட்டேன்." அந்த வியாழக்கிழமைக்கு நேராக இப்படி இருந்தது: "பலத்த இடி. பக்கத்து வீட்டு காம்பராவுல டிவி போயிருச்சு. பயந்து வயரக் கழட்டிட்டேன். பேட்டரியும் தீந்துருச்சு. மறுபடி மாட்டுன பொறகு இந்த நம்பர்."

"இத ஏன்க்கா போன்ல சொல்லல?"

"நீ நம்பர் மட்டும்தானே கேட்ட."

"இந்தக் கட்டம் நான் போடலையே."

"நீ போடல. நான்தான் போட்டேன். வெறும் நம்பர எழுதி வச்சா நாளைக்கு யாராவது ஏன்னு கேட்டா என்ன சொல்றது? சங்கக் கூட்டத்துக் கொப்பியிலயும் நான் இப்படித்தான் எழுதுவேன்."

கரண்டு அடியோடு போய் வந்ததில்தான் சில்லுகள் குழம்பியிருக்கின்றன, வானத்திலிருந்து எதுவும் வரவில்லை. கொப்பியைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாதிக் கடிதத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். படத்தில் நான்காவது கட்டத்தை வெட்டிவிட்டு மூன்று கட்டங்களை மட்டும் அனுப்பலாம். அக்காவின் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது? இதை நான் நினைத்தேன். பசறை வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை கம்பியை வானம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது கடிதத்தை அழித்தேன். நான்கு கட்டமும் உள்ள படத்தோடு, ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். பூனையையும் விடவில்லை.

இத்தனை புள்ளிகள் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் மாறியதைப் பார்த்தால் எப்படியும் சந்தேகப்பட்டிருப்போம் என்று பதில் வந்தது. ஆனால் காரணம் தெரியாமல் அந்த மாதத்தையே தூக்கிப் போட்டிருப்போம். இப்போது ஒரு நாளை மட்டும் கழித்தால் போதும். இந்த நான்காவது கட்டத்தை யோசித்தது யார்?

"என் அக்கா," என்று எழுதினேன். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதையும் எழுதினேன்.

ஒரு வருட அளவுகள் சேர்ந்ததும் நானும் எனக்குப் பதில் எழுதிவந்த அந்தப் பெண்ணும் கட்டுரையாக எழுதினோம். நாங்கள் கண்ட மாற்றங்களைக் கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். கணக்குச் சொன்னதற்கு ஏறக்குறைய ஒத்து வந்தது, அவ்வளவுதான். யாரையும் அசரவைக்கிற கண்டுபிடிப்பு இல்லை. கட்டுரையைச் சங்கம் பெயர் தெரியாத மூன்று பேரிடம் பரிசீலனைக்குக் கொடுத்தது. அதில் ஒருவர் கடுமையானவர். "பயிற்சி இல்லாத ஒருவர் வீட்டில் வைத்து எடுத்த அளவுகளை எப்படி நம்புவது?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சங்கத்தில் எனக்கு மனவருத்தங்கள் இல்லாமல் இல்லை. கதிரை அளந்த இடங்களைக் குறித்த அவர்களுடைய வரைபடத்தில் எங்கள் பக்கம் வெறுமையாக இருந்தது தற்செயல் இல்லை. மாநாடுகள் எப்போதும் நாங்கள் விசா கேட்டு நிற்க வேண்டிய நாடுகளில்தான் நடக்கின்றன. ஒருவர் பேசும் ஆங்கிலத்தை இன்னொரு நாட்டுக்காரர் புரிந்துகொள்வாரா என்று யாரும் கவலைப்படுவதில்லை. அந்தக் கோபத்தில் நான் எழுதிய பதிலை அனுப்பாதீர்கள் என்று அந்தப் பெண்தான் தடுத்தார். "அவர் கேட்டது சரியான கேள்வி. கொப்பியைக் காட்டுங்கள்," என்றார்.

கொப்பி முழுவதையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அந்தக் கடுமையானவர் எழுதிய குறிப்பு வந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இவ்வளவு ஒழுங்கான பதிவை ஆய்வுகூடங்களில்கூடத் தான் அதிகம் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரியும் இருந்தது. இந்த அளவுகளை எடுத்தவரின் பெயர் ஆசிரியர் பட்டியலில் ஏன் இல்லை? அதைச் சேர்க்கும்வரை கட்டுரையை ஏற்கத் தனக்குச் சம்மதமில்லை.

அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. யாரென்று தெரியாமலே ஒருவர்மீது இவ்வளவு மரியாதை வைக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் என்ன செஞ்சேன்? நம்பரப் பாத்தேன், எழுதுனேன். படிச்சவங்க பேருக்குப் பக்கத்துல என் பேரு எதுக்கு?"

"நீ பறிச்ச கொழுந்த வேற ஒருத்தி பேர்ல எழுதுனா விடுவியா?"

"அது வேற."

"எப்படி வேற?"

நான் அவளுடைய முறையிலேயே குரல் மாற்றாமல் மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது சிரித்துவிட்டாள். "சரி, போடு. எழுத்துப் பிழை இல்லாம போடு," என்றாள்.

அந்த வருட மாநாட்டுக்கு எங்களால் போக முடியவில்லை. காணொளியில் பேச ஏற்பாடு செய்தார்கள். எங்களுக்குப் பிற்பகல் நான்கு மணி, அவர்களுக்கு முற்பகல். அக்கா அரை நாள் லீவு எடுத்து, கல்யாணத்துக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு வந்தாள். எங்கள் கம்பனியின் மேல்மாடியில், பழைய மின்னணுப் பலகைகளையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். திரையில் ஒரு பெரிய மண்டபம் தெரிந்தது. நிறையத் தலைகள்.

நான் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போனது. இணைப்பும் போனது. இருட்டுத் திரையில் எங்கள் இருவர் முகம்தான் தெரிந்தது.

"போச்சா?" என்றாள் அக்கா.

"போச்சு. அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாங்க."

கம்பனி ஆட்கள் ஜெனரேட்டரைக் கிளப்பி, ஒருவருடைய போனிலிருந்து இணைப்புக் கொடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. எப்படியும் முடிந்துவிட்டது, வருத்தமாவது தெரிவிப்போம் என்றுதான் மறுபடி உள்ளே போனேன். மண்டபத்தில் கதிரைகள் பாதி காலி. பலர் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். தலைமை தாங்கியவர் என்னைக் கண்டதும் ஒலிவாங்கிக்கு வந்தார். தேநீர் இடைவேளையை முன்னுக்கு எடுத்துவிட்டோம், எல்லோரும் உட்காரட்டும், விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள் என்றார். அதைப் பெரிய விஷயமாகவே அவர் காட்டவில்லை. வந்து உட்கார்ந்தவர்களும் காட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிவில் ஒரு நரைத்த மனிதர் எழுந்து, கேள்வி அளவுகளை எடுத்தவருக்கு என்றார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். "ஒரு வருஷத்துல எடுக்காம விட்ட நாள் உண்டான்னு கேக்குறாரு."

அக்கா திரையைப் பார்த்து நேராகத் தமிழிலேயே பேசினாள். "இருக்குங்க. பதினோரு நாள். ரெண்டு நாள் காய்ச்சல். மத்தது பசறையில ஒரு சாவு வீடு, ஒரு கல்யாணம், வேலைநிறுத்தத்துக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் அலைஞ்ச நாளு. அந்த நாளுக்கெல்லாம் நம்பர் எழுதல. முந்துன நாள் நம்பரையே எழுதியிருக்கலாம், ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. ஆனா நான் பாக்கல. அதனால சும்மா விட்டுட்டேன்."

பெயர்த்துச் சொன்னேன். பிறகு அந்த நரைத்த மனிதர் கை தட்டத் தொடங்கினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பேச்சுக்குக் கிடைத்ததைவிட அது நீளமாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"பதினோரு நாள் விட்டதுக்கா கை தட்டுறாங்க?"

"ஆமா."

"நல்ல ஆளுங்கதான்," என்றாள். சங்கங்களைப் பற்றி அவள் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு நான் கேட்டதில்லை. மடுல்சீமைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கைப்பையை எடுத்தாள். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வழக்கம்போல் போய் நின்றதாகவும், வெளிநாட்டுக்காரர்களோடு என்ன பேசினாய் என்று கேட்ட பெண்களிடம் "லீவு போட்ட கதையச் சொன்னேன்" என்றதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

பெட்டி இன்னும் அலுமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. கொப்பி மூன்றாவது நடக்கிறது. போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வேறொரு கண்டத்தில், ஏறக்குறைய எங்கள் அளவே பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மலைநாட்டுக்காரர் எழுதியிருந்தார். அங்கேயும் சங்கம் இரண்டு பெட்டிகள் அனுப்பியிருக்கிறதாம். எங்கள் கொப்பியில் கட்டம் எப்படிப் போட்டிருக்கிறோம் என்று பார்க்கக் கேட்டிருந்தார். அக்காவிடம் சொன்னேன். "அந்தக் கொப்பியில கறி பட்டிருக்கு," என்று புதுத் தாள் ஒன்று எடுத்து ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தாள். படம் எடுத்து அனுப்பினேன்.

நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. அவர்கள் பெட்டியை ஒரு வானிலை நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். தினமும் எண்ணைப் பார்த்து எழுதுகிறவர் அங்கே கூட்டிப் பெருக்கும் பெண். அவரே ஐந்தாவதாக ஒரு கட்டம் கேட்கிறார், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசியது என்று எழுத. அது தேவையில்லை என்று அவரிடம் சொல்லலாமா, உங்கள் அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இன்று சாயங்காலம் அக்கா மலையிலிருந்து வந்ததும் போனில் கேட்டேன்.

"எழுதட்டும்," என்றாள். "தேவையா இல்லையான்னு பொறகு பாத்துக்கலாம்."